கல்யாணத்துக்கு முன் எடுத்த படம்

"வெள்ளம் வேணுமா?" என்று கேட்டார்கள். பதறிப்போய் வேண்டாம் என்றேன். ஆனி மழை தக்கலை ரோட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஈப்போவில் வெள்ளம் என்றால் நாற்காலிகளை மேசைமேல் ஏற்றிவிட்டுப் பக்கத்து வீட்டு மாடிக்குப் போகிற சமாச்சாரம். கேட்ட அம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு செம்பில் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை என் கையில் கொடுத்தார். இந்த ஊரில் தண்ணீருக்கே அதுதான் பேர். அவர்தான் ரெத்தினபாய்.

என் மகள் தர்ஷினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அகிலன் தக்கலைக்காரன். இரண்டு பேருக்கும் சிங்கப்பூரில் ஒரே அலுவலகம். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில்தான் என்று பேசி முடித்தாயிற்று. என் கணவர் உறவுக்காரர்களைத் திரட்டிக்கொண்டு கடைசியில் வருவதாக ஏற்பாடு. துணிமணி எடுக்க வேண்டும் என்று நானும் தர்ஷினியும் முன்னாலேயே வந்துவிட்டோம். என் தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர். அதனால் தமிழ்நாடு என்றால் எனக்குத் திருச்சிதான். இந்தத் தென்கோடியை வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். தமிழ்ப்பள்ளியில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் குமரி முனையைச் சுட்டிக்காட்டிய விரல்தான்; அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

அகிலனுக்கு அம்மா இல்லை. அவன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துபோனார். அம்மாவின் அக்கா ரெத்தினபாய்தான் அவனை வளர்த்தவர். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரணியலில் தனி வீடு உண்டு. கல்யாண வேலைக்காகத் தக்கலையில் அகிலன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். நாங்களும் அங்கேதான் தங்கினோம். என்னை "மைனி" என்று கூப்பிட்டார். நான் "மதினி" என்று தொடங்கி, மறுநாளைக்குள் மைனிக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் நாள் மதியச் சாப்பாட்டில் சிவப்பு அரிசிச் சோறும், தேங்காய் அரைத்துப் புளி விட்ட சாளை மீன் குழம்பும். கூடவே சக்கைத் துவரன் என்று ஒன்று வந்தது. எங்கள் ஊரில் சக்கை என்றால் பிழிந்துவிட்டுத் தூக்கிப் போடுவது. தயங்கியபடியே வாயில் வைத்தால் பலாக்காய்ப் பொரியல்.

அன்று சாயங்காலம் தர்ஷினி குளித்துவிட்டுக் கையில்லாத மேல்சட்டையோடு முன்கூடத்துக்கு வந்தாள். ரெத்தினபாய் கொடியில் கிடந்த துவர்த்துத் துண்டை உருவி அவள் தோளில் போர்த்திவிட்டார். "கொசு கடிக்கும் மக்கா." கொசு இருந்தது உண்மைதான். தர்ஷினி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். பழைய ஆள், அப்படித்தான் இருப்பார் என்று நானும் கண்ணாலேயே பதில் சொன்னேன்.

மறுநாள் துணி எடுக்க நாகர்கோவில் போனோம். கார் வைக்கலாம் என்றார் அகிலனின் அப்பா சுயம்பு அண்ணன். அவர் தக்கலையில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். "பஸ்ஸு இருக்கும்போது காரு எதுக்கு?" என்று ரெத்தினபாய் முடித்துவிட்டார். பஸ் வில்லுக்குறி தாண்டியதும் இருமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் படியில் நின்று, "யம்மா, வண்டி ஒறங்கியாச்சு. பைய எறங்குங்க" என்றார். யாரும் கோபப்படவில்லை. எங்கள் ஊரில் இந்நேரம் பத்துப் பேர் படம் பிடித்துப் போட்டிருப்பார்கள். மழையில் நின்றபடியே எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாயசத்துல ஒரு முந்திரிப்பருப்பு இல்ல, கேட்டியா."

"ஆனா பொண்ணுக்கு எம்புட்டு நகை போட்டிருந்தாவ."

"நகைய எலையில வெளம்ப முடியுமா?"

அடுத்த பஸ்ஸில் நெருக்கியடித்து ஏறியதில் என் ஒரு செருப்பு வில்லுக்குறிச் சேற்றிலேயே தங்கிவிட்டது. நாகர்கோவிலில் வடசேரி பஸ் நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலையாக எனக்குச் செருப்பு வாங்கினார் ரெத்தினபாய். இரண்டாவது வேலை ரசவடை. சந்தைக்கு வெளியே ஒரு கடையில், ரசத்தில் ஊறிய வடையை நின்றுகொண்டே சாப்பிட்டோம். மட்டி வாழைப்பழங்களைக் கைப்பையிலிருந்து எடுத்துத் தர்ஷினிக்கு உரித்து உரித்துக் கொடுத்தார். அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

துணிக்கடையில்தான் அவர் எனக்குப் புரியாமல் போனார். நான் பட்டுச் சேலைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சேலைப் பக்கமே திரும்பவில்லை. "சேலைய யாரு வேணும்னாலும் எடுக்கலாம் மைனி. ரவிக்கைத் துணிய நான் பாக்குதேன்." ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையை அடியில் வைத்து ரேகை தெரிகிறதா என்று பார்த்தார். கடைக்காரப் பெண் சலித்துப்போகும்வரை பார்த்தார்.

தர்ஷினி, தையல்காரரிடம் காட்டுவதற்காகத் தன் கைப்பேசியில் வைத்திருந்த ரவிக்கை மாதிரியைக் காட்டினாள். முதுகில் இரண்டு கயிறும் குஞ்சமும்தான் இருந்தன. ரெத்தினபாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"முதுகுக்குத் துணி பத்தாம போச்சா?"

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். கடைசியில் முதுகை மூடி, முழங்கை வரை கை வைத்துத் தைப்பது என்று முடிவாயிற்று. தர்ஷினி அதற்குச் சம்மதித்தது எனக்கே ஆச்சரியம். திரும்பி வரும் பஸ்ஸில் ரெத்தினபாய் அவளிடம் சொன்னார்: "எனக்க தங்கச்சி இருந்திருந்தா அவ உடுத்திவிடுவா. இப்ப உனக்கு நான்தான் சேல உடுத்திவிடுவேன். வேற ஒருத்தரையும் தொட விடாத." தர்ஷினி அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அதற்கடுத்த நாள் சுயம்பு அண்ணன் எங்களைத் தாங்கலுக்குக் கூட்டிப்போனார். அவர்கள் அய்யாவழிக்காரர்கள்; இந்தப் பக்கத்தில் வாழ்ந்த ஒரு பெரியவரை அய்யா என்று கும்பிடுகிறவர்கள். தாங்கல் என்பது அவர்களுடைய ஊர் வழிபாட்டு இடம். கல்யாணம் அங்கேதான். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். கோயிலில் தலைத்துணியை எடுக்கச் சொல்லித்தான் நான் பார்த்திருக்கிறேன். உள்ளே சிலை இல்லை, ஒரு நிலைக்கண்ணாடி. கும்பிடப் போனால் நம் முகம்தான் தெரிகிறது. நெற்றியில் வெள்ளை நாமம் வைத்துவிட்டார்கள்.

ஏன் தலைப்பாகை என்று கேட்டேன். சுயம்பு அண்ணன் கட்டின துணியின் நுனியைச் செருகிக்கொண்டே சொன்னார். "நாங்க தலப்பா கெட்டக் கூடாதுன்னு ஒரு காலம் இருந்திச்சு தங்கச்சி. கெட்டினா அடி. மேல உள்ளவனப் பாத்தா தோள்ல கெடக்குத துணியையும் எடுத்து அக்குள்ள வச்சிக்கிடணும். அய்யாதான், நீ எனக்க முன்னால தலப்பா கெட்டிட்டு வான்னு சொன்னாரு."

"அப்ப பொம்பளைங்களுக்கு?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் கணவர் தலைப்பாகையில் எப்படி இருப்பார் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆண்களின் தலையைப் பற்றிச் சொன்னவரும் அதோடு நிறுத்திக்கொண்டார்.

படம் எடுப்பதற்கு என்று ஒரு நாளைத் தர்ஷினியும் அகிலனும் முதலிலேயே ஒதுக்கி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பு ஜோடியாகப் போய்ப் படம் எடுத்துக்கொள்வது இப்போது எங்கள் ஊரிலும் உண்டு. அங்கே மலை உச்சி, தேயிலைத் தோட்டம் என்று போவார்கள். இங்கே குலசேகரத்துக்கு அப்பால், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில், படம் எடுப்பதற்கென்றே வாடகைக்கு விடுகிற ஒரு பழைய மரவீடு. முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் அறைகள். பின்னால் படிக்கட்டு வைத்த குளம்.

ரப்பர் மரங்களைப் பார்த்ததும் காரின் கண்ணாடியை இறக்கினேன். என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்தில் இதே மரத்தில்தான் வாழ்நாளெல்லாம் பால் வெட்டினார். மழைக்காலம் என்பதால் இங்கே மரங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக்கில் பாவாடை கட்டிவிட்டிருந்தார்கள். வீட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் கார் சேற்றில் புதைந்தது. பால் எடுத்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் வந்து தள்ளிவிட்டார்கள். எல்லோரும் சேலைக்குமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுப் பட்டன் மாட்டியிருந்தார்கள்.

படக்காரர்கள் இரண்டு பேரும் வாலிபர்கள். எங்களிடம் தமிழ், தங்களுக்குள் மலையாளம். ஒருவர் மற்றவரிடம் சொன்னது எனக்கு அரைகுறையாகப் புரிந்தது: பழைய காலத்து எண்ணெய்ச் சித்திரம் மாதிரி வர வேண்டும், மேலே ஒன்றும் வேண்டாம். உடையை அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். இடுப்பில் பொன்சரிகைக் கசவுக்கரை போட்ட முண்டு. மார்பைச் சுற்றி அக்குளுக்குக் கீழே இறுக்கிக் கட்டிய ஒரு கச்சை. தோளிலும் கழுத்திலும் கையிலும் வெறும் நகைதான். ரவிக்கை கிடையாது.

"ம்மா, ஓகேவா?" என்று தர்ஷினி கேட்டாள்.

அவள் அப்படி நின்றதைப் பார்த்து நான் மலைத்துப்போனேன். நாட்காட்டிகளில் பார்த்த படம் ஒன்று இறங்கி வந்த மாதிரி இருந்தது. மலேசியாவில் பிறந்த எங்களுக்கு இங்கிருந்து வருகிற பழையது எதுவானாலும் அழகுதான். "ரொம்ப அழகா இருக்கு" என்றேன். அகிலனும் மேல்சட்டை இல்லாமல் வேட்டியோடு நின்றான். "ராணி மாதிரி இருக்க" என்றான்.

குளப்படியில் அவளை நிறுத்தி, தலையில் ஒரு பித்தளைக் குடத்தை வைத்தார்கள். இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கை தூக்கி, கழுத்து நிமிர்ந்து, மழை விட்ட வெளிச்சத்தில் நின்றாள். பால் எடுக்கிற பெண்களில் ஒருத்தி வாளியோடு வேலிப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சினிமாவா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இல்லம்மா, கல்யாணப் படம். பழைய கால உடை."

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் சட்டையின் மேல் பட்டனை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, "பிள்ளைக்குக் குளிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீடு திரும்பும் வழியிலேயே தர்ஷினி குடத்தோடு நிற்கிற படத்தைக் கல்யாண வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். ஈப்போவிலிருந்து இதயமும் பூங்கொத்துமாகக் குவிந்தன. இரவுச் சாப்பாடு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிக் குழம்பும். ரெத்தினபாய் பரிமாறிக்கொண்டிருந்தார். ஜன்னல் திட்டில் கிடந்த அவர் கைப்பேசி முனகியது. கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எனக்கு இன்னொரு துண்டு கிழங்கு வைத்தார்.

"நீங்க சாப்பிடலையா மைனி?"

"எனக்குப் பசி இல்ல."

காலையில் நான் எழுந்தபோது அவர் இல்லை. அறையில் பையும் இல்லை. முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார். "வீட்டுல கோழி நிக்குல்லா, அதுக்குத் தீனி போடணும்னு போயாச்சு" என்றார் சுயம்பு அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல். அகிலன் அவருக்குப் போன் செய்தான். தலைவலி என்றாராம். தையல்காரரிடம் ரவிக்கை அளவு கொடுக்க அன்று நாங்கள் மூன்று பேரும் போவதாக இருந்தது.

மதியம்வரை பொறுத்துவிட்டுச் சுயம்பு அண்ணனிடம் நேராகவே கேட்டேன். கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தவர் இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தப் படந்தான் தங்கச்சி. எங்க ஆளு பொம்பளைங்களும் ஒரு காலத்துல இடுப்புக்கு மேல துணி போடக் கூடாது. போட்டா கிழிப்பாவ. அதுக்காக எம்புட்டோ அடிதடி, வீடு எரிப்பு எல்லாம் நடந்திருக்கு. தோள்சீலைக் கலகம்னு சொல்லுவாவ."

"அன்னைக்குத் தாங்கல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"தலப்பாவப் பத்திச் சொன்னேன். இத எப்படிச் சொல்லுவேன்? பொண்ணப் பெத்த உங்கிட்ட நின்னு, பொம்பளைக்க மாரப் பத்தி நான் எப்படிப் பேசுவேன்?"

அகிலன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். "எனக்கும் தெரியும் அத்தே" என்றான் என்னிடம். "பாடத்துல ஒரு பாரா உண்டு. பரீட்சைக்குப் படிச்சேன். நேத்து அவ அப்படி நின்னப்ப அது ஞாபகத்துக்கு வரல்ல."

நானும் தர்ஷினியும் ஆட்டோ பிடித்து இரணியல் போனோம். ரெத்தினபாய் என்ற பேரை நாங்கள் சொன்னதுமே ஆட்டோக்காரர், "தபாலாபீஸ் அக்காவா?" என்று கேட்டு, நாங்கள் வழி சொல்லாமலேயே வாசலில் இறக்கிவிட்டார். கோழிகள் உண்மையிலேயே இருந்தன. நன்றாகத் தின்று கொழுத்திருந்தன. ரெத்தினபாய் எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொல்லிவிட்டுச் சாயா போடப் போனார். தர்ஷினி அவர் பின்னாலேயே அடுக்களைக்குள் போனாள். நான் வாசல்படியில் நின்றேன்.

"அத்தை, மன்னிச்சிடுங்க. எனக்குத் தெரியாது."

"உனக்கு எப்படித் தெரியும் மக்கா?"

"படத்த அழிச்சிட்டேன். அவங்ககிட்டயும் அழிக்கச் சொல்லிட்டேன்."

"ம்."

சாயா கொதித்து வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"அசிங்கமா இருந்திருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன் மைனி. எனக்கும் அழகா இருக்குன்னுதான் தோணிச்சு. அதுதான் எனக்குப் பொறுக்கல்ல."

பிறகு மூன்று பேரும் அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்தோம். சாயா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்.

"எங்க குடும்பத்துல முன்னால ஒரு பொம்பள இருந்தா. பேரு யாருக்கும் தெரியாது. சந்தைக்குப் போனவ அப்படின்னுதான் எங்க வீட்டுல சொல்லுவாவ. கருப்பட்டி விக்கப் போயிருக்கா. தோள்ல ஒரு துண்டுத் துணி போட்டிருந்தா. சந்தை நடுவுல வச்சு ஒருத்தன் அதக் கம்பால மாட்டி இழுத்துட்டான். தலையில கூடை. ரெண்டு கையும் கூடையில. கைய எடுத்து மறைச்சா கருப்பட்டி பூராவும் சேத்துல விழும்."

 கோழி ஒன்று அடுக்களைக்குள் எட்டிப்பார்த்தது. சூ என்றார்.

"என்ன செஞ்சாங்க?" என்று தர்ஷினி கேட்டாள்.

"கைய எடுக்கல்ல. வீட்டுல பிள்ளைக பசியோட கெடக்கு. அப்படியே நடந்தா. சனம் பூரா பாத்துட்டு நிக்கி. கடைக்காரன் வாசல்வரைக்கும் நடந்து, எறக்கி வச்சு, விலை பேசி, வித்துட்டுத்தான் வந்தா. அதுக்குப் பொறவு அவ ரெண்டு கையையும் ஒண்ணா மேல தூக்கினதே இல்லியாம். கொடியில துணி போடணும்னாக்கூட ஒத்தக் கையாலதான் போடுவாளாம்."

அவர் டம்ளரைக் கைக்குள் ஒரு முறை திருப்பிவிட்டுத் தொடர்ந்தார்.

"எங்க பாட்டி இதச் சொல்லும்போது வீறாப்பாச் சொல்லுவா. எங்க அம்ம சொன்னா அழுவா. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அகிலன் ஆம்பளப் பிள்ளைல்லா, அவன்கிட்ட எதுக்குன்னு விட்டுட்டேன். சொல்லி வளத்திருந்தா அவன் உன்ன அப்படி நிக்க விட்டிருக்க மாட்டான். தப்பு எனக்குந்தான்."

தர்ஷினி அழுதாள். ரெத்தினபாய் அவளைத் தடவிக்கொடுக்கவில்லை. வடசேரியில் பழம் உரித்துக் கொடுத்த கை டம்ளரையே பிடித்துக்கொண்டிருந்தது.

"எம்மேல கோவமா அத்தை?"

"கோவம் இல்ல. உன்னப் பாத்தா அந்தப் படம் வந்து நிக்கி. நேத்து ராத்திரி ஒரு நிமிசம் எனக்குப் பெருமையாக்கூட இருந்திச்சு, எம் பிள்ளைக்கு வரப்போறவ எம்புட்டு அழகுன்னு. பொறவு என்னைய நெனச்சே எனக்குக் கேவலமாப் போச்சு. அது போவணும். போவட்டு. நீங்க சாயா குடிங்க, ஆறிப்போவும்."

கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்: "எனக்க பிள்ளைக்க கல்யாணம். வராம இருப்பேனா?"

வந்தார். என் கணவரும் ஈப்போக் கூட்டமும் வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் ஓயவில்லை. யாருக்குக் காரம் ஆகாது, யாருக்குச் சர்க்கரை என்று எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டார். என் கணவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு கழற்றவே மனமில்லாமல் சுற்றினார். "அண்ணன் இந்தப் பக்கத்துக்காரரு மாதிரில்லா இருக்காரு" என்று ரெத்தினபாய் என்னிடம் சொல்லிச் சிரித்தார். தர்ஷினியிடமும் சாப்பிட்டியா, ஒறங்கினியா என்று கேட்டார். ஆனால் அவள் உட்கார்ந்திருக்கிற அறையில் அவர் உட்காரவில்லை. ஏதாவது வேலை வந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இல்லாவிட்டால் அவர் ஒரு வேலையைக் கூப்பிட்டுக்கொண்டார்.

கல்யாணத்தன்று காலை தர்ஷினி ரவிக்கையும் பாவாடையுமாக உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை கை வைத்த, முதுகு மூடிய அந்த ரவிக்கை. ஒப்பனைக்கு வந்த பெண் சேலையை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தர்ஷினி தொட விடவில்லை.

"அத்தை வருவாங்க."

நான் போய்ப் பார்த்தேன். ரெத்தினபாய் பந்தியில் இலை போடுகிற ஆட்களோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. "பாயசத்துக்குச் சக்கரை பத்தல்ல மைனி, நான் போய்ப் பாக்குதேன்" என்று உள்ளே போனார்.

திரும்பி வந்து தர்ஷினியிடம் எழுந்திரு என்றேன். வெளியே நேரமாகிவிட்டது என்று குரல் கொடுத்தார்கள். மகளுக்கு நான்தான் சேலை கட்டிவிட்டேன். கொசுவம் இரண்டு முறை கலைந்தது. ஈப்போவில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை கட்டுகிற கை, அவ்வளவுதான் வரும். மாராப்பை மடித்துத் தோளில் பின் குத்திக்கொண்டிருந்தபோது கதவோரம் நிழல் தெரிந்தது. ரெத்தினபாய் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று தெரியவில்லை.

"ஒரு பின்னு கூடக் குத்துங்க மைனி. மாலை போட்டா இழுக்கும்."

"அத்தை" என்று தர்ஷினி திரும்புவதற்குள் அவர் போய்விட்டிருந்தார். இன்னொரு பின் குத்தினேன். கல்யாணம் நன்றாக நடந்தது. சாப்பாட்டைப் பற்றி எங்கள் ஆட்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் கிளம்பும்போது அவர் இரணியலில் இருந்தார். முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் வறுவலும் பொட்டலம் கட்டி, சுயம்பு அண்ணன் கையில் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஈப்போவுக்கு வந்தபிறகும் அவரோடு போனில் பேசுகிறேன். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. என் முழங்கால் வலியை மறக்காமல் கேட்பார். மழை, கோழி, மீன் விலை எல்லாம் சொல்வார். அகிலனைப் பற்றிக் கேட்பார். அவனோடும் அடிக்கடி பேசுகிறார். தர்ஷினி கூப்பிட்டால் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றுபோகிறது.

போன மாதம் தர்ஷினி விடுமுறைக்கு ஈப்போ வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் பேசிக்கொண்டிருந்தபோது அடுக்களை வாசலில் வந்து நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மைனி, தர்ஷினி இங்கதான் இருக்கா. ஒரு வார்த்தை பேசுங்களேன்."

அந்தப் பக்கம் சூ என்று கோழியை விரட்டினார்.

"இன்னொரு நாள் பேசுதேன் மைனி. இப்ப பேசினா நல்லா இருக்காது. தப்பா எடுக்காதிய."

வைத்துவிட்டார். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் தர்ஷினி.

"அவசரமா போறாங்களாம். உன்னை விசாரிச்சாங்க."

"என்னன்னு விசாரிச்சாங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்டாங்க" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.